புக்கெட்: எந்தக் கரையில் தங்கினால் எந்த இரவு

கேள்வி இதுதான். இரண்டு தம்பதிகள், அக்டோபரில் ஐந்து இரவு, புக்கெட். நால்வரில் ஒருவருக்கு டிஜே, டான்ஸ் ஃப்ளோர் என்றால் உயிர். இன்னொருவர் மதுவைத் தொடாதவர், சுத்த சைவம். மற்ற இருவரும் எதற்கும் சரி என்கிறவர்கள். பட்டோங்கில் ரூம் போட்டால் எல்லாம் நடக்கிற தூரம் என்கிறார்கள். அதே ஆட்கள் அங்கே குடும்பத்தோடு தங்க முடியாது என்றும் பயமுறுத்துகிறார்கள். மற்ற கடற்கரைகளில் இரவு எப்படி இருக்கும்?

பார், கிளப் பட்டியலுக்குப் போவதற்கு முன் தீவின் மேப்பை ஒரு நிமிடம் பாருங்கள். தாய்லாந்தின் மிகப் பெரிய தீவு இது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். குளிக்கத் தகுந்த கடற்கரைகள் பெரும்பாலும் மேற்குப் பக்கம்: வடக்கே விமான நிலையத்தை ஒட்டி மை காவ், நை யாங், கீழே இறங்க இறங்க பாங் தாவ், சுரின், கமலா, பட்டோங், கரோன், கட்டா, கடைசியில் நை ஹார்ன். பழைய நகரமான புக்கெட் டவுன் எதிர்ப்புறம், கிழக்கே. பட்டோங்கின் மேலும் கீழும், முதுகிலும் குன்றுகள். சாலை வளைந்து ஏறி, வளைந்து இறங்கித்தான் அடுத்த ஊருக்குப் போகும். பகலில் அந்தப் பயணமே ஒரு சுகம். ராத்திரி ஒன்றரை மணிக்கு, மழையில், எதிரே வருகிறவன் குடித்திருக்கிறானா என்று தெரியாத நிலையில், அது சுகமாக இருக்காது.

டவுனிலிருந்து கடற்கரைகளுக்கு ஓடும் நீலநிற சோங்தேவ், அதாவது பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட வண்டி, மாலையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் டுக்டுக், டாக்ஸி, இல்லையென்றால் கிராப், போல்ட் போன்ற ஆப்கள். புக்கெட் டாக்ஸிக் கட்டணம் தாய்லாந்து முழுக்கப் பேர்போனது. இங்கே டுக்டுக் என்பது பாங்காக்கின் மூன்று சக்கர வண்டி அல்ல, கலர் விளக்கும் ஸ்பீக்கரும் வைத்த குட்டி வேன். பக்கத்துக் கடற்கரைக்கே பல நூறு பாத் கேட்பார்கள். நள்ளிரவு தாண்டினால் அந்தத் தொகையும் ஏறும். ஆகவே எந்தக் கிளப் நல்ல கிளப் என்பதை விட, அங்கிருந்து எப்படிப் படுக்கைக்குத் திரும்புவீர்கள் என்பதுதான் புக்கெட்டில் உங்கள் இரவைத் தீர்மானிக்கும். தினமும் ஒரு கடற்கரைக்குப் போய் ஒவ்வொன்றையும் ருசி பார்க்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் கொண்டுபோன காசில் பாதியை டுக்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவார்கள்.

இனி பட்டோங். பட்டோங் இரவு என்று சொல்வதெல்லாம் பங்லா ரோடுதான். கடற்கரைச் சாலையிலிருந்து ரட் உதித் சாலை வரை நீளும் ஒரே தெரு. நாலைந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு தெரு முழுக்க நடக்கிறவர்களுக்கு. ஏழு மணிக்குப் போனால் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஐரோப்பியக் குடும்பங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதைக் காணலாம். பத்து மணிக்குச் சத்தம் ஏறும். பன்னிரண்டுக்கு மேல்தான் பெரிய கிளப்கள் நிறையும். 2023 டிசம்பர் 15 முதல் புக்கெட் உட்படச் சில இடங்களில் உரிமம் பெற்ற கேளிக்கைக் கூடங்கள் விடிகாலை 4 மணி வரை திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்தது. தீவில் அந்த நேரம் வரைக்கும் ஆட்டம் வேண்டுமென்றால் போவதற்குப் பட்டோங்கை விட்டால் வேறு இடமில்லை என்றே சொல்லலாம். இல்லூஷன் போன்ற ஆயிரக்கணக்கானோர் நிற்கிற கிளப்பும் இங்கேதான், இந்தியப் பாட்டு போடுகிற கிளப்களும் இங்கேதான். வாசலில் நிற்கும் பையன் உங்கள் முகத்தைப் பார்த்ததும் 'நமஸ்தே' சொல்லிக் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவான். டான்ஸ் பிரியருக்கு முதல் வகையைச் சிபாரிசு செய்வேன். நம் ஊர்ப் பாட்டைக் கேட்க இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பங்லாவில் கிளப்களை விட எனக்குச் சுவாரசியமாகப் படுவது, இருபக்கமும் பிரியும் சந்துகளில் இருக்கும் திறந்தவெளி பீர் பார்கள். நடுவில் ஒரு கவுண்டர், அதைச் சுற்றி ஸ்டூல்கள். பீர் வாங்கினால் சீட்டைச் சுருட்டி உங்கள் முன்னால் ஒரு சின்னக் குவளையில் செருகி வைப்பார்கள். அடுத்த பீருக்கு அடுத்த சீட்டு. கிளம்பும்போது அந்தக் குவளைதான் பில். அவ்வப்போது எடுத்து எண்ணிப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மரக்கட்டை இருக்கும். ஆணியை அதில் அறைந்து இறக்கும் போட்டி அது, ஆனால் சுத்தியலின் தட்டைத் தலையால் அடிக்கக் கூடாது, கூர்மையான மறுமுனையால் அடிக்க வேண்டும். பாரில் வேலை செய்கிற பெண் நாலு அடியில் இறக்கிவிட்டுச் சிரிப்பார். ஜிம் உடம்போடு வந்த ஆஸ்திரேலியன் இருபது அடி அடித்தும் ஆணி வளைந்து நிற்கும். பந்தயம் வேறென்ன, ஒரு டிரிங்க்தான்.

அந்தக் கவுண்டருக்கு மேலே ஒரு மணி தொங்கும். கோயில் மணி மாதிரி இருக்கிறதே என்று கயிற்றை இழுத்துவிடாதீர்கள். அடித்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும், வேலை செய்கிற பெண்கள் உட்பட, ஒரு ரவுண்டு உங்கள் கணக்கில் என்று அர்த்தம். விளையாட்டுக்கு அடித்தேன் என்றால் எடுபடாது. அதேபோல், பேசிக்கொண்டிருக்கும் பெண் 'எனக்கு ஒரு டிரிங்க்' என்று கேட்டால், அது லேடி டிரிங்க்; உங்கள் பீரை விட விலை கூடுதல், அதில் ஒரு பங்கு அவருடைய சம்பளம். வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லலாம், மனத்தாங்கல் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் இந்த பார்கள் பயப்பட வேண்டிய இடங்களே அல்ல. மனைவியோடு உட்கார்ந்து விளையாடிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். லேமினேட் செய்த அட்டையைக் காட்டி, 'ஷோ இலவசம், ஒரு டிரிங்க் மட்டும்' என்று மாடிக்குக் கூப்பிடுகிற ஆட்களிடம். மாடியில் கதவு மூடிய அறை, வெளியே வரும்போது பல ஆயிரம் பாத் பில், வாசலில் இரண்டு தடியர்கள். இந்தக் கதை பல வருடமாக மாறவே இல்லை. போகவே போகாதீர்கள், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டால் சண்டை போடாமல் சுற்றுலாப் போலீஸை 1155 எண்ணில் கூப்பிடுங்கள். தெருவில் பலூனில் அடைத்து விற்கிற சிரிப்பு வாயு சட்டவிரோதம். இ-சிகரெட் தாய்லாந்தில் தடை செய்யப்பட்டது, கையில் வைத்திருந்தாலே வம்பு. கஞ்சா 2022 ஜூனில் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது உண்மை. ஆனால் 2025 ஜூனில் மறுபடி கட்டுப்பாடு வந்து, கஞ்சா மொட்டு வாங்க மருத்துவச் சீட்டு வேண்டுமென்று ஆகிவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. சில சமயம் பெரிய கண்ணுள்ள ஒரு தேவாங்கைக் கொண்டுவந்து தோளில் ஏற்றிவிட்டு போட்டோவுக்குக் காசு கேட்பார்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கு அது, கடிக்காமல் இருக்கப் பல்லைப் பிடுங்கியிருப்பார்கள். அந்தப் போட்டோவை எடுக்காதீர்கள். அலங்காரத்தோடு நிற்கும் திருநங்கையர் போட்டோவுக்கு நிற்பது வேறு, அது அவர்கள் தொழில். எடுப்பதற்கு முன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். அவர்களுடைய ஆட்டத்தை ஒழுங்காக உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் பட்டோங்கின் தென்கோடியில் சைமன் காபரே இருக்கிறது. ஆடையும் மேடையும் பிரமாதம், குழந்தைகளோடு பார்க்கிற மாதிரியான நிகழ்ச்சி.

தன்பாலீர்ப்பாளர்களுக்கான பார்கள் பங்லாவிலிருந்து சற்றுத் தள்ளி, பாரடைஸ் காம்ப்ளெக்ஸ் என்ற பகுதியில் இருக்கின்றன. கூச்சல் குறைவு, பாட்டு நன்றாக இருக்கும், யார் வந்தாலும் வரவேற்பார்கள். பங்லாவின் கைப்பிடி இழுவை பிடிக்காத தம்பதிகள் அங்கே போய் உட்காருவதையும் பார்த்திருக்கிறேன்.

'குடும்பத்தோடு பட்டோங்கில் தங்க முடியாது' என்பது சரியல்ல. பங்லாவின் மேலேயே ரூம் போட்டால்தான் தங்க முடியாது. மூன்று நான்கு மணி வரை பாஸ் சத்தத்தில் ஜன்னல் அதிரும். அதே பட்டோங்கில் கடற்கரையின் வடகோடி கலிம் பக்கமோ, தென்கோடி மேட்டுப் பக்கமோ தங்கினால் நல்ல தூக்கம் உண்டு. பங்லாவுக்கு நடந்தோ சின்ன சவாரியிலோ வந்துவிடலாம். ஹோட்டல் விமர்சனங்களில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இரைச்சல் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தேடிப் படியுங்கள்.

பட்டோங்கிலிருந்து தெற்கே ஒரு குன்று தாண்டினால் கரோன், அதற்கடுத்து கட்டா. இரண்டுக்கும் இரவுக் குணம் ஒன்றேதான்: ஒன்பது மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்கு ஒரு பீர், பதினொன்றரைக்குத் தூக்கம். கரோன் கடற்கரை நீளமானது, அதனால் ஊரே சிதறிக் கிடப்பது போல இருக்கும். ரஷ்ய மொழிப் பலகைகள் கண்ணில் படும். செவ்வாய், வெள்ளி மாலைகளில் அங்குள்ள புத்தர் கோயில் வளாகத்தில் சந்தை போடுவார்கள். கட்டா எனக்குப் பிடித்த கரை. தென்கோடியில் பாறையும் பெரிய மரமும் சேருகிற இடத்தில் ஸ்கா பார் என்று ஒரு ரெகே பார் உண்டு. மரத்தடியில் மணலில் உட்கார்ந்துகொண்டு நெருப்புச் சுழற்றுகிறவர்களைப் பார்க்கலாம். கட்டாவிலிருந்து நை ஹார்னுக்குப் போகும் மேட்டுச் சாலையில் ஆஃப்டர் பீச் பார் இருக்கிறது. ஆறு மணிக்கு அங்கே இருந்தால் கீழே மொத்தக் கரையும் சிவப்பது தெரியும். ஆனால் அது வளைவில் இருக்கும் இடம். வாடகை ஸ்கூட்டரில் போய் இரண்டு பீர் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

ஸ்கூட்டர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தினமும் ஓட்டுகிறேனே என்பது அங்கே செல்லுபடியாகாது. இருசக்கர வண்டிக்கான அனுமதி உள்ள சர்வதேச ஓட்டுநர் உரிமம் வேண்டும். இல்லாமல் விழுந்தால் டிராவல் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், ஆஸ்பத்திரிப் பில் முழுக்க உங்கள் தலையில். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், பணமாக டெபாசிட் வாங்குகிற கடை கிடைக்கும். போலீஸ் ஊதச் சொல்வதும் உண்டு. பகலில் ஓட்டுங்கள், ராத்திரி சாவியை ரூமில் வைத்துவிடுங்கள்.

பட்டோங்கின் வடக்கே போனால் காட்சி வேறு. கமலா, சுரின், பாங் தாவ் மூன்றும் பீச் கிளப் பிரதேசம். கமலாவில் கஃபே டெல் மார், பாங் தாவில் கேட்ச். கேட்ச் முன்பு சுரின் கடற்கரையில் இருந்தது. அரசு நிலத்தில் கட்டியவற்றை 2016-இல் அப்புறப்படுத்தியபோது பாங் தாவுக்கு இடம் மாறியது. சுரின் அதோடு அமைதியாகிவிட்டது. இன்றைக்கும் 'சுரின் நைட் லைஃப்' என்று எழுதுகிறவர்கள் பத்து வருடத்துக்கு முந்தைய தகவலைத்தான் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பீச் கிளப் என்றால் மாலை நான்கு மணிக்குப் போய்ப் படுக்கை பிடித்து, நீச்சல்குளத்தில் கிடந்து, சூரியன் இறங்கும்போது டிஜே சத்தத்தைக் கூட்ட, பத்து பதினோரு மணிக்கு எழுந்து வருகிற சமாசாரம். படுக்கைக்கு வாடகை என்று சொல்ல மாட்டார்கள், குறைந்தபட்சச் செலவு என்பார்கள். முன்வரிசைக்கு ஆயிரக்கணக்கான பாத், பின்னால் போகப் போகக் குறையும். அந்தத் தொகைக்குச் சாப்பிடவும் குடிக்கவும் செய்யலாம் என்பதால் நான்கு பேர் பிரித்துக்கொண்டால் அவ்வளவு வலிக்காது. மெனு விலைக்கு மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், வாட் 7 சதவீதம் ஏறும் இடங்கள் இவை. பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்து ஆர்டர் செய்தால் பில்லைப் பார்த்துச் சண்டை வரும். மது தொடாதவருக்கும் இது நல்ல இடம், ஏனென்றால் பாதி நேரம் தண்ணீரில்தான். ஒரே சிக்கல் அக்டோபர். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை; மேற்குக் கரை முழுக்க அலை சீறும், சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக் கூடாது. நான்கு மணிக்குக் கொட்டத் தொடங்கினால் அந்த மாலை அவ்வளவுதான். அதனால் முன்கூட்டிப் பணம் கட்டாமல், அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்களுக்கு இதற்கு நேரெதிர்: முன்பதிவு இல்லாமல் முன்வரிசை கிடைக்காது.

கமலாவைப் பற்றி இன்னொன்று. உள்ளூர்க்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கடற்கரைத் தெருவில் பள்ளிவாசல் இருக்கிறது, கிளப் வளாகத்தைத் தாண்டினால் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். பீச் உடையிலேயே தெருவில் நடமாடாதீர்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு, 2022-இல் திறந்த கார்னிவல் மேஜிக் என்ற விளக்கு அலங்காரப் பூங்கா கமலாவில்தான். கண் கூசுகிற அளவுக்கு விளக்குகள். பெரியவர்கள் மட்டும் போவதென்றால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

பாங் தாவ் பக்கம் தங்குகிறவர்கள் பெரும்பாலும் லகூனா ரிசார்ட்டுகளில் வில்லா எடுத்த காசுக்காரர்கள். ஒயின் பார், நல்ல இத்தாலியச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை போட் அவென்யூ சந்தை. கூட்டம் பட்டோங்கில் பத்தில் ஒரு பங்கு, விலை மட்டும் கூடுதல்.

இனி நான் நிஜமாகவே உங்களை அனுப்ப நினைக்கிற இடம், குளிக்கிற கடற்கரையே இல்லாத புக்கெட் டவுன். வெள்ளீயச் சுரங்கத்தில் பணம் குவித்த ஹொக்கியன் சீனர்கள் கட்டிய ஊர். தலாங், டிபுக், கிராபி, பாங்கா தெருக்களில் சீனமும் ஐரோப்பியமும் கலந்த கடைவீடுகள், முன்னால் வளைவு வளைவாகக் கூரை போட்ட நடைபாதை. பினாங்கு, சிங்கப்பூர்த் தமிழர்கள் 'அஞ்சடி' என்பார்களே, அதேதான். தலாங் தெருவிலிருந்து பிரியும் சோய் ரொமானி ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளிகள் போகிற சிவப்பு விளக்குச் சந்து. இப்போது ரோஸ், மஞ்சள், நீலம் என்று வண்ணம் பூசிய சுவர்களுக்கு முன்னால் புதுமணத் தம்பதிகள் போட்டோ எடுக்கிற சந்து. ஞாயிறு மாலை தலாங் தெருவை அடைத்து 'லார்ட் யாய்' என்ற நடைச்சந்தை போடுவார்கள். பத்து மணி வாக்கில் முடிந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர் ஓரத்தில் நாகா சந்தையும் உண்டு. ஆனால் தெருவின் அழகுக்காகப் போகிறீர்கள் என்றால் ஞாயிறு தலாங்தான்.

சந்தை முடிந்த பிறகு டவுனின் இரவு தொடங்கும். யாவரத் சாலையிலும் டிபுக் சாலையிலும் சின்ன பார்கள், காக்டெயில் கடைகள், லைவ் பேண்ட் கூடங்கள். வருகிறவர்கள் உள்ளூர் இளைஞர்கள், ஆபீஸ் முடித்து வந்தவர்கள். இங்கே யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், இழுக்க மாட்டார்கள். மெனு தாய் மொழியில் மட்டும் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆளுக்கொரு கிளாஸ் என்பது இங்கே வழக்கமில்லை. மேஜைக்கு ஒரு பாட்டில், பெரும்பாலும் சாங்சோம் ரம் அல்லது ஏதாவது விஸ்கி, கூடவே ஒரு வாளி ஐஸ், நாலு சோடா. கிளாஸில் இரண்டு விரல் இறங்கினாலே பரிமாறுகிற பையன் வந்து ஐஸ் போட்டு நிரப்பிவிட்டுப் போவான். எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கே தப்பிவிடும், அதில் மட்டும் ஜாக்கிரதை. தனியாக டான்ஸ் ஃப்ளோர் இருக்காது. பேண்ட் வேகமெடுத்ததும் அவரவர் மேஜையைச் சுற்றி நின்றபடியே ஆடுவார்கள். மீந்த பாட்டிலை எடுத்துப் பெயர் எழுதி வைத்து, ஒரு அட்டை கொடுத்துவிடுவார்கள், அடுத்த முறை வந்து குடித்துக்கொள்ளலாம். சுற்றுலாக்காரர்களுக்கென்று தயாரிக்காத தாய்லாந்து இரவு எப்படி இருக்கும் என்று பார்க்கப் பட்டோங்கில் வழியில்லை, இங்கேதான் வர வேண்டும். என் நண்பர்களில் பங்லாவுக்கு இரண்டாம் முறை போனவர்கள் குறைவு, டவுனுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் அதிகம்.

உங்கள் மாதம் அக்டோபர் என்பதால் டவுனுக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாட்கள் புக்கெட்டின் சைவத் திருவிழா. அமாவாசைக்கு அடுத்து வரும் நாட்கள். பல ஆண்டுகளில் நம் நவராத்திரியும் இதே ஒன்பது நாட்களில்தான் வரும். 1825-இல் கத்து என்ற சுரங்க ஊருக்கு வந்த சீன நாடகக் குழுவுக்குக் காய்ச்சல் கண்டு, ஒன்பது பேரரசத் தெய்வங்களை வேண்டிச் சைவம் இருந்து பிழைத்தார்கள் என்பது இதன் கதை. காலையில் ஊர்வலம். சாமி வந்தவர்கள் கன்னத்தில் வேலும் கம்பியும் குத்திக்கொண்டு வெறுங்காலோடு வருவார்கள். நம் அலகு குத்தலைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல, ஆனால் அங்கே குத்துகிற பொருட்களின் அளவைப் பார்த்தால் நமக்கே கண் இருட்டும். தீமிதி, கத்தி ஏணி ஏறுவது எல்லாம் கோயில்களில் இரவில்.

கடைசி இரவுதான் உச்சம். சாமியை வழியனுப்ப எல்லாக் கோயில் ஊர்வலங்களும் நள்ளிரவை ஒட்டி சபான் ஹின் கடலோரத்துக்குப் போகும். வழி நெடுக வீட்டுக்காரர்கள் மூங்கில் கழியில் சரவெடியைத் தொங்கவிட்டுப் பல்லக்கின் மேலேயே வெடிப்பார்கள். பல்லக்கு தூக்குகிறவர்கள் தலையில் துணி சுற்றி, அந்தப் புகைக்குள் ஓடிக்கொண்டே ஆடுவார்கள். காதுக்குப் பஞ்சு, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, அதுவும் வெள்ளையாக இருந்தால் மரியாதை. செருப்புக்குப் பதில் ஷூ. ஒரு சொட்டு மது இல்லாமல் தீவிலேயே மிகவும் சத்தமான இரவு இது. டிஜே பிரியரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பங்லாவை மறந்துவிடுவார்.

சைவக்காரருக்கு அந்த ஒன்பது நாளும் கொண்டாட்டம். ஜுய் துய் கோயிலைச் சுற்றித் தெரு முழுக்க மஞ்சள் கொடி கட்டிய கடைகள், எல்லாமே 'ஜே' சாப்பாடு: இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, பூண்டு வெங்காயம் கூடக் கிடையாது. நள்ளிரவு வரைக்கும் பொரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கறி மாதிரியே செய்து வைத்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது சோயாவும் கோதுமையும். மற்ற நாட்களில் வெறும் காய்கறிப் பொரியல் கேட்டாலும் மீன் சாஸ் விழுந்துவிடும். அப்போதும் 'ஜே' என்று சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு. பட்டோங்கில் இந்திய உணவகங்கள் பின்னிரவு வரை திறந்திருக்கும், விலை மட்டும் சுற்றுலா விலை.

மீதி இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தென்கோடி ரவாய், நை ஹார்ன் இரண்டும் அங்கேயே வீடெடுத்துத் தங்கிய வெளிநாட்டுக்காரர்களின் ஊர். மாலையில் பிரோம்தேப் முனையில் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, ரவாய் கடலோர மீன் சந்தையில் எடை போட்டு வாங்கிப் பக்கத்துக் கடையில் சமைத்துத் தரச் சொல்லிச் சாப்பிடலாம், அதோடு நாள் முடிந்தது. வடக்கே மை காவ், நை யாங்கில் இரவு என்று ஒன்றுமில்லை, ஆமை முட்டையிடும் கரைகள் அவை. விடிகாலை விமானம் இருந்தால் கடைசி இரவு அங்கே படுக்கலாம்.

சட்ட விஷயத்தில் மூன்றே சேதி. மது வாங்க வயது 20. செவன் லெவன் போன்ற கடைகளில் நள்ளிரவுக்கு மேல் பீர் கிடைக்காது, பில் மெஷினே ஒப்புக்கொள்ளாது. புத்த பண்டிகை நாட்களில் மது விற்பனைக்குத் தடை உண்டு. 2025-இல் அதைத் தளர்த்தி ஹோட்டல்களுக்கும் உரிமம் பெற்ற கேளிக்கைக் கூடங்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள், சில்லறைக் கடைகளுக்கு இல்லை. அக்டோபரில் வரும் புத்த நோன்புக்கால நிறைவு நாளும் அந்தப் பட்டியலில் உள்ளது, உங்கள் தேதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஐந்து இரவுக்கு நான் போடும் கணக்கு: முதல் மூன்று இரவு கட்டாவில், கடைசி இரண்டு டவுனில், அந்த இரண்டில் ஒன்று ஞாயிறாக இருக்கும்படி. திருவிழாத் தேதிகள் ஒத்துவந்தால் வரிசையை எப்படி வேண்டுமானாலும் புரட்டி, வழியனுப்பும் இரவில் டவுனில் இருங்கள். அப்போது அங்கே ரூம் கிடைப்பது கஷ்டம், முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். பங்லாவுக்குக் கட்டாவிலிருந்து ஒரே ஒரு இரவு, நால்வரும் ஒரே வண்டியில். எட்டு மணிக்குப் போய், சந்து பார்களில் ஆணி அடித்து, பன்னிரண்டுக்கு இல்லூஷன். குடிக்காதவர் களைத்துவிட்டால் இரண்டு பேர் முன்னால் கிளம்பலாம் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் செலவு அப்போது இரண்டு மடங்கு.

திரும்பும் வண்டியை பங்லா வாசலில் தேடாதீர்கள். அங்கே ஸ்டாண்டு டுக்டுக்காரர்கள் நிற்பார்கள், ஆப் டிரைவர்கள் அருகில் வரத் தயங்குவார்கள். ரட் உதித் சாலையில் இரண்டு மூன்று கட்டடம் தள்ளி, ஏதாவது ஹோட்டல் வாசலில் நின்று புக் செய்தால் சீக்கிரம் வரும். டவுனுக்குப் போகிற பட்டோங் மேட்டுச் சாலை 2022 அக்டோபர் மழையில் ஒரு பகுதி சரிந்து போக்குவரத்தே நின்ற சாலை. கனமழை இரவில் அந்தப் பக்கம் நேரம் கூடுதலாக ஆகும். உச்சியில் ஒரு சீனக் கோயில் வரும். டிரைவர் அங்கே திடீரென்று ஹாரன் அடித்தால் பயப்படாதீர்கள், சாமிக்கு அடிப்பது.